அஞ்சலை சொன்ன சுத்தம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாலு பேர் நடுவே நின்று பேச எனக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கச் சொன்னால் என் குரல் இரண்டாவது வரிசைக்கே எட்டுவதில்லை என்று அம்மா இன்னும் குறைப்படுகிறார். இந்தப் பத்திரிகையில் காலமானவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் வயதில் பெரியவர்கள். எழுதப்படுகிறவர்களும் உபதேசியார், மேஸ்திரி, மருத்துவர் என்று மரியாதைப்பட்டவர்கள். நான் எழுதப்போவதோ கீரை விற்ற ஒரு பெண்ணைப் பற்றி. ஆனால் அவரைத் தெரியாத வீடு மாரிகுப்பம் சுரங்கத் தொழிலாளர் லைன்களில் இல்லை. கூடையை இறக்கி வைத்ததும், நீங்கள் விலை கேட்பதற்கு முன்பே, உங்கள் குழம்பின் வாசனையைப் பற்றி ஒரு குறை சொல்லிவிடுவாரே, அந்த அஞ்சலை அக்காதான்.

செய்தி வந்தபோது நான் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் சமையல் செய்யும் சாரம்மாள் கையில் ஒட்டிய கேழ்வரகு மாவுகூடக் கழுவாமல் வாசலில் வந்து நின்றார். "இன்னா பண்றது டீச்சரம்மா, நம்ம கீரைக்காரி பூட்டா. ஆறு நாளா காய்ச்சல்ல படுத்துக்கினு இருந்தாளாம். காலைல சங்கு ஊதி ஓயறதுக்குள்ள முடிஞ்சிபோச்சாம்" என்றார். பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. பதினாறு ஏழு நூற்றுப்பன்னிரண்டு வரை அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கரும்பலகையைப் பார்த்தபடியே நின்றேன்.

ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து புருஷனோடு சுரங்க வேலைக்கு வந்தவர் அவர். புருஷன் இறந்துபோன பிறகு லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, புங்கோடைக் கரையில் ராமே கவுடரின் நிலத்தில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போட்டார். ஓடையில் நண்டும் நத்தையும் பிடித்து அவற்றையும் கூடையில் கொண்டுவருவார். இவ்வளவு உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு நடந்ததில் பாதிதான் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பட்டம் வாங்கிக்கொண்டு சென்னையிலிருந்து நான் திரும்பி வந்த வருஷம் அது. அப்பாவுக்குச் சளி கட்டியிருந்தது. நண்டு ரசம் வைக்கலாம் என்று அம்மா அக்காவைக் கேட்டார்.

"நண்டா? நண்டு லைனைக் காலி பண்ணிக்கினு பூட்சி. சாவியக்கூட குட்த்துட்டுப் போவல."

அம்மா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. உள்ளே புத்தகம் வைத்துக்கொண்டிருந்த என்னை எட்டிப் பார்த்தார். "இன்னா பி.ஏ. பாப்பா, மெட்ராஸ்ல தண்ணியப் பத்தி எதுனா சொல்லிக் குட்த்தாங்களா, இல்ல வெறும் பாட்டுதானா?"

கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார்கள் என்றேன். அது அவருக்குக் கேட்டதோ என்னவோ, "சனிக்கெயம வா" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

சனிக்கிழமை ஒரு பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். ஓடையின் மேல்பக்கம் அப்போதுதான் ஒரு குத்தகைக்காரர் கொட்டகை போட்டிருந்தார். வெளியூர்க்காரர்; அவர் பெயர் இங்கே வேண்டாம். தங்கம் எடுத்து முடித்துக் குவித்த பழைய மணலைச் சைனைட் நீர் விட்டு மறுபடி கழுவி, மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கிற வேலை. கழுவிய நீர் ஓடைக்கு வரும். நான் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன். அத்தனை தெளிவு. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. "நல்ல தண்ணீர்தான் அக்கா" என்றேன்.

"பாட்டில்ல கீறது தண்ணி. ஓடைய எங்க புடிச்ச?" என்றார் அவர்.

பிறகு புடவையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கினார். ஒரு கல்லைப் புரட்டினார். நாலடி தள்ளி இன்னொன்று. அதற்குக் கீழே மூன்றாவது. "மூணு கல்லு பாக்கணும் பாப்பா. ஒரு கல்லு பொய் சொல்லும். ரெண்டு கல்லு ஒண்ணோட ஒண்ணு சண்ட போடும். மூணாவது வந்துதான் தீத்து வெக்கும்." அன்று மூன்று கற்களுக்கும் சண்டையே வரவில்லை. மூன்றின் அடியிலும் வெள்ளை மணல் மாவு போல இறுகியிருந்தது. பூச்சி இல்லை, புழு இல்லை, வழுக்கும் பாசிகூட இல்லை. நானும் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்து, பக்கத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"ஏ பி.ஏ.! ஒருத்தர் ஊட்டுக் கூரையப் பிரிச்சிப் பாத்துட்டு அப்டியே போட்டுட்டுப் போவியா நீ?"

"உள்ளே யாரும் இல்லையே அக்கா."

"இன்னிக்கி இல்ல. நாளைக்கி வரவங்களுக்கு ஊடு வாணாமா? வெச்ச பக்கமே வை."

வெட்கத்தோடு குனிந்து அந்தக் கல்லை இருந்தபடியே பொருத்தி வைத்தேன்.

அங்கிருந்து என்னைச் சின்ன ஓடைக்கு அழைத்துப் போனார். அது பாறைக்குன்றிலிருந்து வந்து, அவருடைய கீரைப் பாத்திகளுக்குக் கீழே புங்கோடையில் சேர்வது. அதன் வழியில் கொட்டகை ஏதும் இல்லை. "சண்டன்னு வந்தா பக்கத்து ஊட்டுக்காரியத்தான் சாட்சிக்குக் கூப்டணும்" என்று சொல்லி அங்கே ஒரு கல்லைப் புரட்டினார். நகம் அளவு தட்டைப் பூச்சிகள் மூன்று மூன்று வால்களை விசிறிக்கொண்டு நாலா பக்கமும் ஓடின. மணலை ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் தன்னை நுழைத்துக்கொண்ட ஒரு புழு, கூட்டோடு நகர்ந்தது. "இவன் மூட்டக்காரன். ஊட்டக் கட்டி முதுவுல தூக்கிக்கினே போவான். நம்ம ஜனம் மாதிரி" என்றார். அடுத்த கல்லில் நத்தைகள். மூன்றாவதில் ஒரு நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் சண்டைக்கு அழைத்தது.

யார் முதலில் போவார்கள், யார் கடைசியில் போவார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. "மொதல்ல மூணு வாலு பூடும். அதுக்கு ரோசம் ஜாஸ்தி. அப்பறம் மூட்டக்காரன். அப்பறம் நண்டு, அயிர. நத்த ரோசங்கெட்டது, இன்னா ஊத்துனாலும் கொஞ்ச நாளு தாங்கும். அதுவும் பூட்சின்னா நாமதான் மூட்ட கட்டணும்." புங்கோடையில் நத்தையும் போய்விட்டிருந்தது. கல்லூரியில் விலங்கியல் பாடத்தில் தவளையின் எலும்புகளுக்குப் பெயர் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். ஓர் ஓடை நலமாக இருக்கிறதா என்று அங்கே வசிப்பவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. அக்காவுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. பிழைப்புக்காகப் புரட்டிப் புரட்டி அவரே கண்டது.

அன்று முதல் மாதம் ஒரு நாள் போனோம். புங்கோடையில் மூன்று இடம், சாட்சிக்குச் சின்ன ஓடையும்; இடத்துக்கு மூன்று கல். அவர் சொல்லுவார், நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவேன். ஐப்பசியில் ஒரு தடவை பெருமழைக்கு மறுநாளே நான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டேன். சின்ன ஓடையிலும் கற்களுக்கு அடியில் ஒன்றும் இல்லை. பதறிப்போய் எழுதிக்கொண்டு வந்தேன். அக்கா அதை அடிக்கச் சொன்னார். "வெள்ளத்துல ஒதுங்கிப் போயிருக்குதுங்க. கல்யாணத்துக்குப் போனவங்களக் காணாம பூட்டாங்கன்னு எழுதுவியா? பத்து நாளு வுட்டுப் போய்ப் பாரு." பத்து நாள் கழித்துப் போனேன். திரும்பி வந்திருந்தன. புங்கோடையிலும் அதே பத்து நாள் விட்டுப் பார்த்தோம். அங்கே யாரும் திரும்பவில்லை.

ராமே கவுடருக்கு முதலில் இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. "ஏனம்மா அஞ்சலே, தண்ணி கண்ணாடி மாதிரி இதே. அட்டை கடிக்கறதில்ல, தவளை கத்தறதில்ல. இன்னும் ஏன் அழறே?" என்று ஒரு நாள் வரப்பில் நின்று, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"கண்ணாடில மொகம் பாக்கலாம் கவுடரே. கன்னுக்குட்டிக்கு ஊத்த முடியுமா?" என்றார் அக்கா.

அவர் சிரித்துக்கொண்டே போனார். அந்த வருஷம் கோடைக்குள் அவருடைய இரண்டு கன்றுகள் செத்தன. ஓடை நீர் பாய்ந்த இடத்தில் கேழ்வரகு நாற்று நுனி கருகியது. கவுடரும் கரைக்காரர்கள் சிலரும் சேர்ந்து தாலுகா கச்சேரிக்கு மனு கொடுத்தார்கள். யார் சாட்சி சொல்வது என்று வந்தபோது கவுடரே நேராகக் கீரைப் பாத்திக்கு வந்து, "நீதாம்மா பார்த்தவள், நீயே சொல்லு" என்றார்.

விசாரணை ஊர்ச் சாவடியில் நடந்தது. அதிகாரி நாற்காலியில் இருந்தார். குமாஸ்தா எழுதுவதற்கான சாய்வுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்திருந்தார். எழுதுவதெல்லாம் கன்னடத்தில், தமிழ் பேசுகிறவர்கள் சொல்வதைக் குமாஸ்தா கேட்டுக் கன்னடத்தில் எழுதுவார். நம் லைன்களிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஏழு பேர். நான் அக்காவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஓடை எப்படி இருக்கிறது, சொல்லம்மா" என்று குமாஸ்தா கேட்டார்.

அக்கா எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "சுத்தம், சாமி! மூணு எடம், மூணு மூணு கல்லு, பன்னெண்டு மாசமா பொரட்டிக்கினு கீறேன். சுத்தம்!" என்று சொல்லி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, அவற்றின்மேல் ஊதிக் காட்டினார்.

நம் வீடுகளில் சோற்றுப் பானையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வோமோ அப்படித்தான் சொன்னார். ஒரு பருக்கை மிச்சமில்லை என்றால் நமக்குச் சுத்தம். குமாஸ்தா அந்த ஊதலைப் பார்க்கவில்லை. பேனாவை மையில் தோய்த்துக்கொண்டிருந்தார். சுத்தம் என்ற சொல்லை மட்டும் கேட்டார். அது அவருடைய மொழியிலும் இருக்கிற சொல். எழுதி முடித்து வாசித்தும் காட்டினார்: "நீரு சுத்தவாகிதே."

நீர் தூய்மையாக இருக்கிறது.

அக்காவின் காதிலும் சுத்தம் என்பதுதான் விழுந்தது. "ஆமா சாமி, அத்தையே எழுது" என்றார். பெருவிரலில் மை தடவினார்கள். அழுத்தி ரேகை வைத்தார்.

குமாஸ்தாவை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கேட்டதை எழுதினார், எழுதியதை வாசித்தார். இரண்டு மொழியும் தெரிந்து, இரண்டு அர்த்தமும் தெரிந்து, நோட்டுப் புத்தகமும் கையில் இருந்தவள் நான். "வேறு யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று அதிகாரி நிமிர்ந்து கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கவும் செய்தார். நான் மடியில் இருந்த நோட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் லைன்காரர்கள் ஏழு பேருக்கும் கன்னடம் தெரியும். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெட்டியை மூடினார்கள்.

மனுக்காரர்களின் சாட்சியே நீர் சுத்தம் என்று சொன்னதால் மனு தள்ளுபடி என்று உத்தரவு வந்தது. அதைப் படித்துச் சொல்ல வேண்டியதும் நானே ஆனேன். பள்ளிக்கு வரும் சாலையில் அக்காவை நிறுத்தி, சாவடியில் என்ன எழுதப்பட்டது, அதற்கு என்ன பொருள் என்று சொன்னேன். அக்கா சிரிக்க ஆரம்பித்தார். கூடையை இறக்கிவிட்டுச் சாலையோரத்தில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அடப்பாவி! என் வாயாலயே எனக்கு மண்ணு வாரிப் போட்டுக்கினேனா!" பிறகு சிரிப்பு நின்றது. "நீ பக்கத்துலதான குந்திக்கினு இருந்த?"

"ஆமாம் அக்கா."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு கட்டு முருங்கைக்கீரையை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்து, இரண்டு சட்டிகளோடு பள்ளி வாசலில் நின்றார். ஒன்றில் சின்ன ஓடைக் கல்லும் தண்ணீரும். இன்னொன்றில் புங்கோடைக் கல்லும் தண்ணீரும். "வா பி.ஏ., கச்சேரிக்குப் போவோம். எழுதுனத அழிச்சிட்டு வருவோம்." கச்சேரிப் படியில் சேவகன் தடுத்தான். "சாட்சி ஒரு தபாதான் சொல்லணும். மீனு விக்கிற எடம் இது இல்ல, போ" என்றான்.

"மீனா? மீனு இருந்தா நான் ஏன்டா உன் மூஞ்சியப் பாக்க வரேன்?" என்றார் அக்கா.

சத்தம் கேட்டு அந்தக் குமாஸ்தாவே வெளியே வந்தார். நான் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா சட்டிகளின் மூடியைத் திறந்தார். குமாஸ்தா குனிந்து பார்த்தார். ஒன்றில் ஓட்டமும் நெளிவுமாக இருந்தது. மற்றதில் அவருடைய முகம் தெரிந்தது. "இதுதான் சுத்தம், சாமி" என்று அக்கா இரண்டாவது சட்டியைக் காட்டி மறுபடி கையை ஊதினார். குமாஸ்தாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுருங்கிப்போயிற்று. நல்ல மனிதர், சட்டம் என்ன என்று மெதுவாக எடுத்துச் சொன்னார். ரேகை வைத்த சாட்சியத்தை அவரால் திருத்த முடியாது. மனுக்காரர்கள் அல்லாமல், அன்று சாவடியில் இருந்து காதால் கேட்டவர்கள் சிலர் சேர்ந்து, அந்தச் சொல் எந்தப் பொருளில் சொல்லப்பட்டது என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால், அதிகாரியின் முன் மறுபடி வைக்கலாம்.

"என் பேச்சுக்கு நான் கீறேன். அவுங்க இன்னாத்துக்கு?"

"சட்டம் அப்படி, அம்மா."

"அப்போ அந்தச் சட்டத்தையும் ஒரு தபா பொரட்டித்தான் பாக்கணும்" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அந்தச் சட்டிகளைச் சுமந்துகொண்டு போய்க் கச்சேரிப் படியில் வைத்துவிட்டு, மாலைவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, சின்ன ஓடையில் பிடித்ததைச் சின்ன ஓடையிலேயே விட்டுவிட்டு வந்தார். சேவகன் விரட்டுவதை நிறுத்திவிட்டான். வருகிறவர்களுக்கு அவனே மூடியைத் திறந்து காட்டத் தொடங்கியிருந்தான். அந்த ஏழு பேரிடம் நாம் போய்க் கேட்போமே என்று நான் பல தடவை சொன்னேன். அக்கா சம்மதிக்கவில்லை. "அவுங்க ஊட்டு ஆம்பளங்க ரெண்டு பேரு அந்த ஷெட்டுல வேல செய்றாங்க. நான் போய் நின்னா முடியாதுன்னும் சொல்லத் தெரியாம முழிப்பாங்க. வாணாம் வுடு. எனக்கு நடக்க காலு கீது."

அடக்கத்தன்று நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். கொட்டகை மேஸ்திரி ஆளுயர மாலையோடு வந்து அக்காவின்மேல் போட்டார். "சர்க்காருக்கு முன்னால உண்மையச் சொன்ன மகராசி" என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். அதோடு விடவில்லை. அந்தச் சாட்சியத்தைக் காட்டித்தான் சின்ன ஓடைக் கரையிலும் ஒரு கொட்டகைக்கு அனுமதி கேட்டிருப்பதாகவும், அனேகமாகக் கிடைத்துவிடும் என்றும் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பதிலுக்கு வாய்விட்டுப் பேசியிருக்கக்கூடிய ஒரே மனுஷி மாலைக்கு அடியில் படுத்திருந்தார். நாம் எல்லோரும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நானும்தான். இரண்டாவது முறை.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பவை சில. நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அடிக்கச் சொன்ன பக்கமும் அடித்தபடியே இருக்கிறது. மூன்று கல் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை என்ற பழக்கம் இருக்கிறது. நமக்குத் தோதாக இருக்கிறது என்பதற்காக ஒன்றை எழுதிவிடக் கூடாது என்ற கண்டிப்பு இருக்கிறது. அடக்கம் முடிந்த சனிக்கிழமையும் நான் தனியே போனேன். புங்கோடையில் யாரும் இல்லை. சின்ன ஓடையில் மூன்று வால்காரர்கள் முதற்கொண்டு எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. அவர் இருந்தவரை தன் பேச்சைத் தானே சுமந்தார். இனி அவர் வந்து சொல்லப்போவதில்லை. அவர் சொல்லாத ஒரு பொய் அவருடைய பெருவிரல் ரேகையோடு கச்சேரியில் இருக்கிறது. அதை வைத்துத்தான் அவருடைய சாட்சியாக நின்ற ஓடையையும் கொல்லப் போகிறார்கள். இதை அஞ்சலி என்று முடித்துவிட்டு நகர எனக்கு மனம் இல்லை.

ஆகையால், இவ்வளவு நேரம் தயங்கி வைத்திருந்ததைக் கேட்டுவிடுகிறேன். அன்று சாவடியில் இருந்த ஏழு பேரே, உங்கள் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். உங்கள் பயமும் எனக்குத் தெரியும். என் அப்பாவும் கூலி வேலைக்குப் போகிறவர்தான். அஞ்சலை ‘சுத்தம்’ என்று சொன்னது, ஓர் உயிர்கூட மிச்சமில்லை என்ற பொருளில்தான் என்று ஒரு தாளில் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி, முதல் ஆளாக என் பெயரைப் போட்டிருக்கிறேன். தாள் பள்ளிக்கூடத்தில் என் மேசைமேல் இருக்கிறது. நாலு மணிக்கு மேல் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள், நான் இருப்பேன். வந்து கையெழுத்துப் போடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் விரலை மட்டும் கொண்டுவாருங்கள், மை என்னிடம் இருக்கிறது.